கடலுக்குப் போகிறவருக்குப் புதுக் கண்ணாடி: எந்த ஃபிரேம், எந்த லென்ஸ்?

தங்கச்சிமடம் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 54 வயது. நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர், கரையில் இருக்கும் நாளில் வலை வேலை. இப்போது போட்டிருக்கும் கண்ணாடி வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மூக்குப் பக்கம் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறது, வலது கீலில் ஸ்க்ரூ துருவேறி இறுகிவிட்டது, லென்ஸ் முழுக்கக் கீறல். போன வாரம் பார்வை டெஸ்ட் எடுத்தோம். சீட்டில் இருப்பது:

வலது: ஸ்பியர் −1.75, சிலிண்டர் −0.75, ஆக்சிஸ் 90
இடது: ஸ்பியர் −2.00, சிலிண்டர் −0.50, ஆக்சிஸ் 85
ஆட்: இரண்டுக்கும் +2.00

விசாரித்த கடையில் மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கவும் பவர் மாறுகிற புரோகிரசிவ் லென்ஸ், அதுவும் 1.74 மெலிசு, கூடவே நீல ஒளியைத் தடுக்கிற புளூ கட் என்று சொன்னார்கள். கையில் இருப்பது 4,000 ரூபாய். இதெல்லாம் அப்பாவுக்குத் தேவைதானா? உப்புக்காற்றைத் தாங்குகிற ஃபிரேம் எது? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒளிவிலகல்:

தங்கச்சி, முதலில் அந்தச் சீட்டை வாசிப்போம். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ஸ்பியர் என்பது அடிப்படைப் பவர், சிலிண்டர் ஒரு திசைக்கு மட்டும் தேவைப்படுகிற கூடுதல் பவர், ஆக்சிஸ் அதன் கோணம், ஆட் கிட்டத்தில் பார்க்கக் கூட்டுகிற பவர்.

அப்பாவுக்கு ரெண்டு கண்ணிலும் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கும். சிலிண்டரில் பாதியை ஸ்பியரோடு சேர்த்தால் வலது சுமார் −2.12, இடது −2.25. 100 சென்டிமீட்டரை இந்த எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 47, 44. கண்ணாடி போடாத வெறுங்கண்ணுக்கு அந்தத் தூரத்தில் இருப்பது தெளிவாகத் தெரியும். வலையை மடியில் போட்டுக் கண்ணி கண்ணியாகப் பார்க்கிற தூரமும் ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு கணக்கும் போடலாம். ஸ்பியரோடு ஆட் +2.00-ஐக் கூட்டினால் வலது +0.25, இடது பூஜ்யம். அதாவது புரோகிரசிவ் லென்ஸின் கீழ்ப்பகுதிக்கு நீங்கள் கொடுக்கிற கூடுதல் பணத்துக்குக் கிடைப்பது, கொஞ்சம் சிலிண்டர் பவர் உள்ள, மற்றபடி வெறும் கண்ணாடி. கடலுக்குப் போகும்போது தூரப் பவர் மட்டும் உள்ள கண்ணாடி, வலைக்கு உட்காரும்போது அதைக் கழற்றி வைப்பது: இவருக்கு இது போதும் என்பது என் தீர்மானமான கருத்து. வாங்குமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கண்ணாடி இல்லாமல் பத்து நிமிடம் வலை, பத்து நிமிடம் நாளிதழ் பார்க்கச் சொல்லுங்கள். நாளிதழின் பொடி எழுத்து இரட்டையாக இழுத்தாலோ, நெற்றி வலித்தாலோ அது சரிசெய்யாத சிலிண்டரின் வேலை. அப்போது வீட்டில் வாசிக்க மட்டும் மலிவான ஃபிரேமில் தனியாகக் கிட்டப் பவர் போட்டுக்கொள்ளலாம்.

படகில் புரோகிரசிவ் வேண்டாம் என்பதற்கு வேறு காரணமும் உண்டு. அதன் கீழ்ப்பகுதி 40 சென்டிமீட்டர் தூரத்துக்காகச் செய்தது. காலடியில் கிடக்கும் கயிறும் நங்கூரமும் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கின்றன. குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தினால் மங்கலாகத்தான் தெரியும். இரு ஓரங்களிலும் உருவம் வளைவது அந்த லென்ஸின் இயல்பு. ஆடுகிற படகில் கால் வைக்கிற இடம் மங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து 1.74. அந்த எண் லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது. எண் கூடினால் லென்ஸ் மெலியும். ஆனால் −2.00 பவரில், அளவான ஃபிரேமில், சாதாரண 1.50-க்கும் 1.74-க்கும் விளிம்பில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். −6.00, −8.00 என்று போகிறவர்களுக்குத்தான் அது கொடுத்த காசுக்குப் பலன் தரும்.

இவருக்கு மெலிசைவிட உறுதி முக்கியம். கயிறு அறுந்து தெறிக்கும், தூண்டில் முள் பறக்கும். பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் லென்ஸ் கேளுங்கள். எண் 1.59, அடி தாங்கும், புற ஊதாக் கதிரைத் தானே தடுக்கும், எடையும் குறைவு. அதற்குக் குறை ரெண்டு. ஒன்று, விளிம்பு வழியாகப் பார்த்தால் விளக்கைச் சுற்றி மெல்லிய வண்ணக் கோடு தெரியும், −2.00-ல் பெரும்பாலும் உறுத்தாது. ரெண்டு, சட்டென்று கீறல் விழும். அதனால் ரெண்டு பக்கமும் ஹார்ட் கோட்டிங் இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். டிரைவெக்ஸ் என்ற இன்னொரு பிளாஸ்டிக் லென்ஸ் கிடைத்தால் இன்னும் நல்லது: அதே உறுதி, வண்ணக் கோடு குறைவு, விலைதான் கூடுதல். பழைய மினரல் கண்ணாடி கீறாது என்று யாராவது சொன்னால், கடலுக்குப் போகிறவருக்கு அது ஆகாது. உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும்.

புளூ கட் தேவையில்லை. 17 ஆய்வுகளை அலசி 2023-ல் வெளிவந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, கம்ப்யூட்டர் பார்ப்பவர்களின் கண் அசதியைக்கூட அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. அந்தக் காசை நல்ல ஹார்ட் கோட்டிங்குக்குக் கொடுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். உங்கள் சீட்டில் பி.டி எழுதவில்லை. ரெண்டு கண்பாவைக்கும் நடுவே உள்ள தூரம் அது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 58-க்கும் 70 மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்கும். இதை அளக்காமல் லென்ஸைச் சட்டத்தின் நடுவில் வைத்து வெட்டிவிட்டால், பவர் சரியாக இருந்தும் தலைவலி வரும். கணக்கு இதுதான்: மையம் விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் லென்ஸ் எவ்வளவு பட்டகமாக, அதாவது ஒளியை ஒரு பக்கம் திருப்புவதாக, வேலை செய்கிறது என்று வரும். ஒரு கண்ணுக்கு 4 மில்லிமீட்டர் விலகல், பவர் −2.00 என்றால் 0.8. ரெண்டு கண்ணுக்கும் சேர்த்து 1.6. அதைச் சமாளிக்கக் கண்கள் நாள் முழுக்க வெளிப்பக்கம் இழுபட வேண்டும். "புதுக் கண்ணாடி, பழகப் பழகச் சரியாகும்" என்று அனுப்பிவிடப்படுகிற பல கண்ணாடிகளில் கோளாறு இதுதான்.

வடகடல் காற்று:

லென்ஸைப் பற்றி அண்ணன் சொல்லிட்டார். நான் ஃபிரேமைச் சொல்றேன், ஏன்னா பாம்பன் தாண்டின தீவுல லென்ஸுக்கு முன்னாடி சாகறது ஃபிரேம்தான்.

அந்தப் பச்சை எங்கிருந்து வருதுன்னா, விலை குறைஞ்ச மெட்டல் ஃபிரேம் பெரும்பாலும் மோனல். நிக்கலும் செம்பும் கலந்தது. மேலே பூச்சு இருக்கிற வரைக்கும் பளபளன்னு இருக்கும். மூக்குல தொடுற இடத்துல பூச்சு தேய்ஞ்சதும் வியர்வையும் உப்பும் செம்புல பட்டுக் களிம்பு கிளம்பும். வெங்கலப் பாத்திரத்துல புளி பட்டுப் பச்சை ஏறுற மாதிரிதான். சில பேருக்கு நிக்கல் தோல்ல அரிப்பும் கொடுக்கும். மூக்கோரம் சிவந்து தடிச்சா கண்ணாடியைச் சந்தேகப்படுங்க.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மோனலைவிட மேல். ஆனா துருவே பிடிக்காதுன்னு நினைக்காதீங்க. உப்பு அதையும் புள்ளி புள்ளியாக் குத்தும். அதுல 316 வகை கொஞ்சம் தாங்கும், ஆனா ஃபிரேம்ல வகையை எழுதி வைக்கிறவங்க குறைவு.

டைட்டானியம் கடல் தண்ணிக்கு அசையாது. காசு இருந்தா இதுதான். இங்க ஒரு ஏமாற்று உண்டு: "டைட்டானியம் கோட்டிங்", "டைட்டானியம் ஃபினிஷ்" என்பதெல்லாம் நிறம் மட்டும்தான், உள்ளே வேற உலோகம். காது கம்பியோட உட்பக்கம் டைட்டானியம்னு பொறிச்சிருக்கணும், பில்லிலும் அந்தச் சொல்லே இருக்கணும். இன்னொண்ணு, டைட்டானியம் ஒடிஞ்சா ஊர்க்கடைல பற்றவைக்க முடியாது. அதுக்குக் காத்துப் படாம வைக்கிற தனி வெல்டிங் வேணும்.

4,000 ரூபாய்க்குள்ளே படகுக்குன்னா நான் டி.ஆர்-90 சொல்வேன். நைலான் வகை, இறகு மாதிரி லேசு, வளைச்சா ஒடியாது, உப்புக்குக் கவலையில்லை. அதோட குறையையும் கேட்டுக்கோங்க: சூடு காட்டி வளைச்சாலும் பழைய வடிவத்துக்கே திரும்பிடும். அதனால கடையில போட்டுப் பாக்கும்போதே மூக்குலயும் காதுலயும் சரியா உட்காரணும். "அப்புறமா வளைச்சுத் தரேன்" என்ற பேச்சு இதுக்கு ஒத்துவராது. அசிடேட் சட்டம் சூட்டுல நல்லா வளையும், ஆனா எடை கூட, வியர்வைல வெளுத்துப் போகும்.

எந்தப் பிளாஸ்டிக் ஃபிரேமா இருந்தாலும் கீல்ல ஸ்க்ரூ உலோகம்தான். ஸ்க்ரூ ஒரு உலோகம், கீல் வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி நின்னா ரெண்டுல ஒண்ணு அரிச்சே தீரும். வாங்குற அன்னைக்கே ரெண்டு உதிரி ஸ்க்ரூ கேட்டு வாங்கிக்கோங்க. ஸ்க்ரூத் தலையில நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு வெச்சா தளரவும் தளராது, உப்புத் தண்ணியும் உள்ளே இறங்காது. ஏற்கெனவே இறுகினதைத் திருப்பி உடைக்காதீங்க. ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வெச்சுட்டுத் திருப்புங்க. எண்ணெய் லென்ஸ்ல படக்கூடாது.

கீழ்ப்பாதில நைலான் நரம்பு கட்டின அரைச்சட்டம் வேண்டாம். நரம்பு ஓடுற பள்ளத்துல உப்பும் மணலும் சேர்ந்து நரம்பை அறுத்துடும். சட்டமே இல்லாம லென்ஸ்ல ஓட்டை போட்டு மாட்டுறதும் வேண்டாம். முழுச்சட்டம்தான் வேணும்.

மூக்குல தனிக் கம்பி வெச்சு ஒட்டின நோஸ் பேட் இல்லாம, சட்டத்தோடயே வார்த்த மூக்கு இருந்தா களிம்பு பிடிக்க இடமே இல்லை. ஆனா மூக்குத் தண்டு தட்டையா இருக்கிறவங்களுக்கு அது வழுக்கும். அப்படின்னா சிலிகான் பேட் உள்ளதை எடுத்து, பேட் மஞ்சளானதும் மாத்திக்கோங்க.

கடைசியா கயிறு. காதுக்குப் பின்னாடி இறுக்கிக் கட்டுற கயிறு, அதுல மிதக்கிற ஃபோம் துண்டு. டி.ஆர்-90 சட்டமா இருந்தாலும் லென்ஸோட சேர்ந்தா தண்ணியில மூழ்கும். கயிறை வீட்டு வாளியில ஒருமுறை போட்டுப் பாருங்க. மிதக்குதுன்னு பெட்டியில எழுதியிருக்கிறதெல்லாம் கண்ணாடியோட எடையைத் தாங்கி மிதக்கும்னு சொல்ல முடியாது.

தங்கச்சிமடம் மகள்:

ரொம்ப நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். புரோகிரசிவ் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் ரெண்டு சந்தேகம். மத்தியானக் கடலில் கண் கூசுகிறது என்கிறார். வெயிலில் கறுக்கிற லென்ஸ் போடலாமா, தனிக் கூலிங் கிளாஸ் நல்லதா? அம்மாவுக்கு 48 வயது, பனையோலைப் பெட்டி முடைகிறார். தெருவில் விற்கிற ரெடிமேட் கண்ணாடி +2.00 வாங்கி வைத்திருக்கிறார். அது கண்ணைக் கெடுக்குமா?

உப்பளத்து வெள்ளை:

கூச்சத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான்: மேலே வெயில், கீழே வெள்ளை.

இதில் ரெண்டு தனித்தனி விஷயங்கள் உண்டு, கடைகளில் அதை ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று புற ஊதாக் கதிர். அது கண்ணுக்குத் தெரியாது, கூசவும் செய்யாது, ஆனால் வருடக்கணக்கில் கெடுக்கும். வெண்விழியிலிருந்து கருவிழி மேல் ஏறுகிற சதை வளர்ச்சி, கடலோரத்திலும் வயலிலும் உழைக்கிறவர்களுக்கு அதிகம் வருவதற்கு அது முக்கியக் காரணம். இன்னொன்று பளபளப்பு. அதுதான் கூசுவது. நிறத்தைக் கருப்பாக்கினால் பளபளப்பு குறையும். புற ஊதா குறையும் என்று எந்த உறுதியும் இல்லை. கருப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண்பாவை விரியும். அந்தக் கண்ணாடி புற ஊதாவைத் தடுக்காவிட்டால், வெறுங்கண்ணைவிட அதிகமான கதிர் உள்ளே போகக்கூடும். அதனால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், புற ஊதாவைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமான யு.வி 400 என்று இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் கடைகள் பலவற்றில் அதை அளக்கிற சிறிய கருவி இருக்கும். முன்னால் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரின் பளபளப்புக்கு போலரைஸ்டு லென்ஸ் மாதிரி வேறு இல்லை. தண்ணீர்ப் பரப்பில் பட்டுச் சாய்ந்து வருகிற ஒளி பெரும்பாலும் படுக்கைவாட்டில் அதிரும். அந்த லென்ஸ் நிற்கவாட்டில் அதிர்வதை மட்டும் விடும். வெள்ளித் தகடாய்த் தெரிந்த கடல் உடனே இறங்கித் தெளியும். பாறையும் பாசியும் மீன் கூட்டமும் தண்ணீருக்கு அடியில் தெரியும். சோதிப்பது எளிது: லென்ஸ் வழியாக மொபைல் திரையைப் பார்த்துக்கொண்டு லென்ஸை மெல்லச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை கறுத்தால் போலரைஸ்டு. எந்தக் கோணத்திலும் மாறாவிட்டால் பெரும்பாலும் வெறும் நிறம்தான்.

அதே சோதனை ஒரு எச்சரிக்கையும்கூட. படகில் ஜி.பி.எஸ், ஆழம் காட்டுகிற எக்கோ சவுண்டர் திரை இருந்தால் அதுவும் சில கோணத்தில் கறுக்கும். வாங்குமுன் அப்பா நிற்கிற இடத்தில் நின்று, கடன் வாங்கிய போலரைஸ்டு கண்ணாடியில் அந்தத் திரை தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நிறம் சாம்பல் என்றால் வண்ணங்கள் மாறாது, பழுப்பு என்றால் மேடு பள்ளம் எடுப்பாய்த் தெரியும். மேகம் போட்ட வாடைக்காலத்துக்குப் பழுப்பு எனக்குப் பிடிக்கும். கருமைக்கு 0 முதல் 4 வரை எண் உண்டு. மத்தியானக் கடலுக்கு 3 போதும், அது ஒளியில் 8 முதல் 18 சதவீதம் விடும். எண் 4 இன்னும் கருப்பு. அதைப் போட்டுக்கொண்டு பைக் ஓட்டக் கூடாது.

வெயிலில் கறுக்கிற லென்ஸ் இங்கே ஏமாற்றம் தரும். அது புற ஊதா பட்டால் கறுக்கும், சூடு பட்டால் வெளுக்கும். இரண்டும் சேர்ந்து நடக்கிற ஊர் இது. குளிர்ந்த மலையில் கறுக்கிற அளவு நம் ஊர் மே மாதத்தில் கறுக்காது. தண்ணீர்ப் பளபளப்பையும் அது வெட்டாது.

காசு கட்டுப்படி ஆகவேண்டும் என்றால், அப்பாவின் கண்ணாடிக்கு மேலேயே போட்டுக்கொள்கிற பெரிய போலரைஸ்டு மூடு கண்ணாடி வாங்குங்கள். கிளிப் மாட்டுகிற வகையும் உண்டு, ஆனால் கிளிப்புக்கும் லென்ஸுக்கும் நடுவில் உப்புத் துகள் சிக்கி அரைக்கும். மூடு கண்ணாடியில் பக்கவாட்டு ஒளியும் அடைபடும். அது முக்கியம். பொட்டுப் பக்கத்திலிருந்து நுழைகிற ஒளி கருவிழியில் வளைந்து மூக்கோரத்தில் குவிகிறது. சதை பெரும்பாலும் மூக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். அகலமான தொப்பியையும் விடாதீர்கள்.

கண் பிரிவு அக்கா:

அம்மாவுக்கு நான் சொல்றேன்மா. ரெடிமேட் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆனா அதுல ரெண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது, பி.டி யாருக்கோ அளந்தது. ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்கிறவங்களுக்கு மட்டும் பொருந்தும்.

48 வயசுக்கு +2.00 அதிகமா இருக்கலாம். அம்மாவுக்கு வேலை எவ்வளவு தூரத்துலன்னு அளந்து பாருங்க. ஓலை முடையறது 50 சென்டிமீட்டர்னா +1.00 இல்லை +1.25 போதுமானதா இருக்கும்; பவர் கூடுனா ஓலையை மூக்குக்கிட்ட கொண்டுவர வேண்டியிருக்கும், கழுத்து வலிக்கும். வேலை செய்யற தூரத்துல தெளிவாத் தெரியற பவர்களுக்குள்ள குறைஞ்சதை எடுக்கணும். டெஸ்ட் எடுக்கும்போது "வாசிக்க"ன்னு மட்டும் சொல்லாம, கையில ஓலையைப் பிடிச்சுக் காட்டி "இந்தத் தூரம்"னு சொல்லுங்க. யாருக்கா இருந்தாலும் இது பொருந்தும்.

வெள்ளெழுத்துன்னு கடைல கண்ணாடி வாங்கி முடிச்சுடறதுல இருக்கிற ஆபத்து வேற. 40 வயசுக்கு மேல கண் அழுத்தமும் விழித்திரையும் பார்க்கணும். கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியில்லாம பார்வையைத் திருடும். கடைல கம்ப்யூட்டர் டெஸ்ட்னு தாடையை வெச்சுப் பாக்குறாங்களே, அது பவருக்கான தொடக்க எண்தான், கண் பரிசோதனை இல்லை. அந்த எண்ணை வெச்சு, லென்ஸ் மாத்தி மாத்தி "இதுவா, அதுவா"ன்னு கேட்டுத்தான் முடிவு பண்ணணும். மெஷின் கொடுத்த தாளை அப்படியே லென்ஸா வெட்டுனா வேண்டாம்னு சொல்லிடுங்க. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைல கண் பிரிவு இருக்கு. சதை வளர்ச்சி, புரைன்னு ஏதாவது தெரிஞ்சா மதுரை அரவிந்துக்குப் போறவங்களும் நம்ம பக்கம் நிறையப் பேர்.

சர்க்கரை இருக்கா ரெண்டு பேருக்கும்? இருந்தா அளவு கட்டுக்குள்ள வந்து ஒரு மாசமாவது ஆனபிறகு டெஸ்ட் எடுங்க. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸும் மாறும். இந்த வாரம் எடுத்த பவர் அடுத்த மாசம் பொருந்தாம போகும். புரை ஆபரேஷன் பண்ணினவங்களுக்கும் முடிவான பவர் எழுத ஒரு மாசத்துக்கு மேல ஆகும்.

வடகடல் காற்று:

கீறலைப் பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. லென்ஸ் தேயறது கடல்ல இல்லை, துடைக்கிறதுலதான். தெறிச்ச கடல் தண்ணி காய்ஞ்சா உப்புப் பரல் நிக்கும். ஒரு லிட்டர் கடல் தண்ணில 35 கிராம் உப்பு. கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல தனுஷ்கோடி ரோட்டுல போனா மணலும் சேர்ந்துக்கும். அதைக் கைலி முனையால துடைச்சா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதுதான்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியை மேலே ஊத்துங்க. நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி. தீவுல பல கிணத்துத் தண்ணியே உவர்ப்பு, அது காய்ஞ்சாலும் வெள்ளை படியும். பாத்திரம் கழுவுற திரவம் ஒரு சொட்டு, விரல்லயே ரெண்டு பக்கமும் தடவி, திரும்ப நல்ல தண்ணி. அதுக்கப்புறம்தான் துணி. துணியையும் வாரம் ஒருதரம் அலசுங்க, உப்பு அதுலயும் தங்கும். சுடுதண்ணி கூடாது. படகுத் தளத்துலயும் பைக் டேங்க் மேலயும் வெயில்ல வைக்காதீங்க. லென்ஸ் பிளாஸ்டிக் சூட்டுல விரியும், மேலே இருக்கிற ஆன்டி ரிஃப்ளெக்ஷன் படலம் அந்த அளவு விரியாது, சிலந்தி வலை மாதிரி வெடிக்கும். அதைத் துடைச்சுச் சரி பண்ண முடியாது, லென்ஸையே மாத்தணும்.

ஒளிவிலகல்:

அந்தப் படலத்தைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்கிறேன். இரவில் எதிர்ப்படகின் விளக்கு லென்ஸில் பட்டு இரட்டையாகத் தெரிவதை அது குறைக்கும். இரவுத் தொழிலுக்குப் போகிறவர் என்றால் போடலாம், ஆனால் மேலே தண்ணீர் ஒட்டாத பூச்சும் உள்ள வகையாக இருக்க வேண்டும். மலிவான படலம் உப்பிலும் வியர்வையிலும் உரிந்துவிடும். அதற்குப் பதில் வெறும் ஹார்ட் கோட்டிங்கே மேல். படலம் இருக்கிறதா என்று பார்க்க, டியூப் லைட்டின் பிம்பத்தை லென்ஸில் பாருங்கள். வெள்ளையாய் அடித்தால் இல்லை. மங்கலாய்ப் பச்சையோ ஊதாவோ தெரிந்தால் இருக்கிறது.

கண்ணாடி வாங்கப் போகிற அன்று செய்ய வேண்டியது: கடையிலேயே லென்சோமீட்டரில் வைத்துப் பவரைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சீட்டிலிருந்து 0.12-க்கு மேல் விலகக் கூடாது. லென்ஸ் வந்த காகித உறையை, பவரும் பொருளும் எழுதியிருக்கும், கேட்டு வாங்கிப் பில்லோடு வையுங்கள். பாலிகார்பனேட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு சாதாரண லென்ஸ் வெட்டியிருந்தால் கண்ணால் கண்டுபிடிப்பது கடினம், உறைதான் சாட்சி. பில்லில் ஃபிரேம் தனி, லென்ஸ் தனி, கோட்டிங் தனி என்று இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பவர் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம்தான். பழைய 12 போட்டிருந்தால் கேளுங்கள்.

வீட்டிலும் ஒரு சோதனை உண்டு. கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, ஒரு லென்ஸ் வழியாகக் கதவுநிலையின் நேர்கோட்டைப் பாருங்கள். லென்ஸை மெல்லச் சுழற்றினால் சிலிண்டர் உள்ள லென்ஸில் கோடு கத்தரிக்கோல் போலச் சாயும். ஆக்சிஸ் மாற்றி வெட்டிவிட்டார்களோ என்ற சந்தேகம் போட்டதும் தரை சாய்வாய்த் தெரிவதில் வரும். மூன்று நாளில் தணியாவிட்டால் திரும்பக் கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுக்கு அது பொருந்தாது. அதனால் அப்பா கடலுக்குப் போகாத ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுத்துக் கரையிலேயே போட்டுப் பழகட்டும். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள், படகில் உதிரியாகக் கிடக்கட்டும்.

தங்கச்சிமடம் மகள்:

அண்ணே, பி.டி நாங்களே அளக்கலாமா? டி.ஆர்-90 ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம், காது கம்பியில் 50-18-140 என்று இருக்கிறது.

ஒளிவிலகல்:

அளக்கலாம். கடையில் எடுக்கிற அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும். அப்பாவுக்கு எதிரே 40 சென்டிமீட்டர் தூரத்தில், ஒரே உயரத்தில் உட்காருங்கள். மில்லிமீட்டர் ஸ்கேலை அவர் மூக்குத் தண்டின் மேல் படுக்கையாய் வையுங்கள். நீங்கள் வலது கண்ணை மூடிக்கொண்டு, அவரை உங்கள் இடது கண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய வலது கண்ணின் கருவிழி வெளியோரத்தில் பூஜ்யத்தை நிறுத்துங்கள். ஸ்கேல் அசையக் கூடாது. இப்போது இடது கண்ணை மூடி வலதைத் திறந்து, அவரை அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய இடது கண்ணின் கருவிழி உள்ளோரம் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பி.டி. மூன்று தடவை எடுங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் ஸ்கேல் நகர்ந்திருக்கிறது.

50 என்பது ஒரு லென்ஸின் அகலம், 18 மூக்குப் பாலம், 140 காது கம்பியின் நீளம். முதல் ரெண்டையும் கூட்டினால் 68. அப்பாவின் பி.டி 63 என்று வந்தால், ஒவ்வொரு லென்ஸின் மையமும் இரண்டரை மில்லிமீட்டர் மூக்குப் பக்கம் நகர வேண்டும். அது நல்ல பொருத்தம். 54-18 மாதிரி பெரிய சட்டம் எடுத்தால் நான்கரை மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும், விளிம்பும் தடிக்கும். ஆர்டர் சீட்டில் வலது எவ்வளவு, இடது எவ்வளவு என்று பி.டி-யைத் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். மூக்கு எல்லாருக்கும் சரிநடுவில் இருப்பதில்லை.